ஊரில் நிற்கும் வைத்தியரைத் தேடிய கிறீன்

மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைக் கடந்து போகிறவர்களுக்கு அந்தப் பெயர் பழகிப்போன ஒன்று. மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த அமெரிக்கர் என்றும் பலர் கேள்விப்பட்டிருப்போம். அவர் ஏன் தமிழுக்கு மாறினார் என்பதுதான் அதிகம் பேசப்படுவதில்லை. அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது, இன்றும் வடக்கில் நாம் முறையிடும் ஒரு பிரச்சினை: படித்து வெளியேறிய வைத்தியர்கள் ஊரில் நிற்கவில்லை.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து, 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். வயது 25. அவருக்கு முன்பே ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்திருந்தார். ஆனாலும் வாந்திபேதியும் அம்மையும் மாறிமாறி வரும் குடாநாட்டுக்கு ஒரு வெள்ளைக்கார வைத்தியர் எந்த மூலைக்குக் காணும்? 1848 இல் மானிப்பாயில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கியபோதே சில இளைஞர்களைச் சேர்த்துப் படிப்பிக்கவும் தொடங்கினார்.

அந்த வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. வட்டுக்கோட்டை செமினரி போன்ற இடங்களில் ஆங்கிலம் கற்ற கெட்டிக்காரப் பெடியங்கள்தான் வந்தார்கள். படித்து முடித்ததும் ஆங்கிலமும் மருத்துவமும் சேர்ந்து அவர்களுக்கு அரச உத்தியோகத்தின் கதவைத் திறந்துவிட்டன. நல்ல சம்பளம் வெளியூரில் இருந்தது. போனார்கள். மிஷனுக்குள்ளும் அப்போது இதே மனக்குறைதான். ஆங்கிலக் கல்வி இளைஞர்களை ஊரிலிருந்து பிரிக்கிறது என்ற வாதத்தில் 1855 இல் செமினரியையே மூடினார்கள்.

1857 இல் விடுமுறையில் அமெரிக்கா போன கிறீன் 1862 இல் மனைவியோடு திரும்பினார். 1864 முதல் வகுப்பைத் தமிழிலேயே நடத்தினார். தமிழில் படித்தவர் தமிழ்ச் சனத்துக்குள்ளேயே தொழில் செய்வார் என்பது அவர் போட்ட கணக்கு.

ஆனால் தமிழில் படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே. மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு தடித்த ஆங்கில நூல்களை மொழிபெயர்த்தார். 'பிரசவ வைத்தியம்' 1857 இலேயே வந்திருந்தது. சத்திரசிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' 1867 இல் வெளிவந்தது. உலகெங்கும் மாணவர்கள் படித்த கிரேயின் உடற்கூற்று நூல் 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆனது. கலைச்சொல்லுக்கு அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது: முதலில் தமிழில் தேடுவது, இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் சரிவராவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது. இரசாயனவியலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் வந்தது அப்படித்தான். இன்றைக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் சொல் கிடைக்கும்வரை வகுப்பை நிறுத்திவைக்க அவர் தயாராக இருக்கவில்லை.

இதில் ஒரு நெருடலும் உண்டு. ஆங்கிலம் இல்லாமல் படித்தவனுக்கு அரச உத்தியோகமும் எட்டாது. ஊருக்கு வைத்தியரை நிறுத்திவைக்க, அந்த இளைஞர்களின் முன்னேற்றத்தையும் ஓரளவு மறித்தார் என்றே சொல்லவேண்டும். மதம் பரப்புவது தன் நோக்கங்களில் ஒன்று என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தில் நோயாளி இருக்கிறார். உடம்புக்குள் இன்னும் ஷெல் துண்டுகளோடு வாழ்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தங்கள் எக்ஸ்ரே அறிக்கையிலும் கிளினிக் கொப்பியிலும் என்ன எழுதியிருக்கிறது என்று மற்றவரைக் கேட்டே அறிகிறார்கள். வெட்டுவதா விடுவதா என்று கையொப்பம் வாங்கும் நேரத்தில், வைத்தியரின் வாயிலிருந்து வரும் சொல் விளங்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். அந்த வேலையை 150 வருடங்களுக்கு முன்பே ஒருவர் தொடங்கியிருந்தார்.

கிறீனிடம் பயின்று வைத்தியரானவர்கள் 60 பேருக்கு மேல். தமிழில் படித்தவர்கள் குடாநாட்டுக் கிராமங்களில் தொழில் பார்த்தார்கள். ஆனால் காலம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. 1870 இல் கொழும்பில் அரச மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கியது. 1873 இல் உடல்நலம் கெட்டு கிறீன் ஊர் திரும்பினார். அவர் போனபின் மானிப்பாயின் தமிழ் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை.

வூஸ்டரில் இருந்துகொண்டும் அவர் எழுத்தை விடவில்லை. 'கெமிஸ்தம்' 1875 இல் வெளிவந்தது. உடல் எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்லும் 'மனுஷ சுகரணம்' 1883 இல் வெளிவந்தது. அடுத்த வருடம் மே மாதம் இறந்தார். கல்லறையில் தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று குறிக்கும்படி கேட்டிருந்தார். வூஸ்டரில் அந்தக் கல் அப்படியே நிற்கிறது.