தாவரத்தின் நாடி பிடித்த மேதை

வெயிலில் நிற்கும் தோழியின் கண்ணைப் பாருங்கள். கண்பாவை சிறுத்திருக்கும். நிழலுக்கு வந்ததும் அது விரியும். சுருங்கு என்று யாரும் கட்டளையிடுவதில்லை. ஒளி விழித்திரையில் பட்டதும் செய்தி நரம்பு வழியே மூளைக்குச் செல்கிறது. அங்கிருந்து ஐரிசிலுள்ள வரியற்ற தசைக்கு ஆணை வருகிறது, தசை சுருங்குகிறது. குடலிலும் இரத்தக் குழாய்களிலும் இத்தகைய தசைகளே நம் விருப்பத்தைக் கேளாமல் உழைக்கின்றன. ஆனால் நரம்பும் தசையும் இல்லாத தொட்டாற்சிணுங்கி, தொட்டவுடன் எவ்வாறு மடங்குகிறது? இக்கேள்விக்குத் தம் வாழ்வின் பெரும்பகுதியை அளித்தவர் சர் ஜகதீச சந்திர போஸ் ஆவார்.

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். தந்தை பகவான் சந்திரர் அரசு அதிகாரி. ஆயினும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே ஏவலாளரின் மகனும் மீனவரின் மகனும் போசுக்குத் தோழர்கள். பின்னர் கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் பயின்றார். அங்கு இயேசு சபைத் துறவி லாஃபோன் அடிகளார் சோதனைகளைச் செய்து காட்டிப் பாடம் நடத்தி, இயற்பியலில் அவருக்கு ஆர்வமூட்டினார். மேற்படிப்பை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் முடித்தார்.

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியர் என்பதால் ஆங்கிலேயரைவிடக் குறைந்த ஊதியமே தரப்பட்டது. அதை ஏற்க மறுத்து, மூன்று ஆண்டுகள் ஊதியமே பெறாமல் பணியாற்றினார். வகுப்புகளை மட்டும் அவர் புறக்கணிக்கவில்லை. முடிவில் முழு ஊதியமும் நிலுவையுடன் கிடைத்தது.

மின்னலை ஆராய்ச்சியில் புகழ்பெற்ற பின், உயிர்களின் பக்கம் திரும்பினார். விலங்கின் தசையும் செடியும் தூண்டலுக்கு ஒரேவிதமான மின் பதிலைத் தருவதை 1901-இல் லண்டனில் விளக்கினார். இயற்பியலார் உடலியலில் தலையிடுவதா என்று சில அறிஞர்கள் எதிர்த்தனர். ராயல் சொசைட்டிக்கு அவர் அளித்த கட்டுரை அச்சேறாமல் நின்றது. போஸ் மனம் தளரவில்லை. வாதாடிக் கொண்டிருக்கவும் இல்லை. மேலும் நுண்மையான கருவிகளைச் செய்தார். செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டிய கிரெஸ்கோகிராஃப் அவற்றுள் ஒன்று.

தொட்டாற்சிணுங்கியில் தூண்டல் காம்பின் வழியே பயணம் செய்ய நேரம் பிடிப்பதை அளந்தார். குளிரும் நஞ்சும் அதைத் தடுப்பதைக் கண்டார். ஒளி பட்டால் இலை எவ்வாறு அசைகிறது என்பதையும் வரைகோடாகப் பதிவு செய்தார். தொழுகண்ணிச் செடியின் துடிப்பை விலங்கின் இதயத் துடிப்போடு ஒப்பிட்டார்.

1917-இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தை நிறுவினார். அவர் கட்டுரையை அச்சிடத் தயங்கிய அதே ராயல் சொசைட்டி, 1920-இல் அவரை உறுப்பினராக ஏற்றது. 1937 நவம்பர் 23-இல் கிரிதியில் மறைந்தார்.

செடிக்கு நரம்பு மண்டலம் உண்டென்று அவர் கருதியதை இன்றைய அறிவியல் அப்படியே ஏற்பதில்லை. இலைக்காம்பின் அடியிலுள்ள புடைப்பில் உயிரணுக்கள் நீரை இழப்பதாலேயே இலை மடங்குகிறது. ஆனால் செய்தியைச் சுமந்து செல்வது மின் துடிப்பே என்ற அவர் கண்டுபிடிப்பு நிலைத்துவிட்டது. நம் வரியற்ற தசையைச் சுருங்கச் செய்யும் கால்சியம், தொட்டாற்சிணுங்கியின் செய்தியிலும் பங்கேற்கிறது என்பது எத்தனை வியப்பு!

ஆர்.எஸ்.புரத்துக்கு அருகிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைப் பெற்றுள்ள நாம், செடிகளைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஒரு மதிப்பெண் குறைந்தாலே சோர்ந்துவிடும் நாம், மறுக்கப்பட்ட கட்டுரைக்கு மேலும் உழைப்பையே மறுமொழியாக்கிய போசை நினைவில் கொள்வோம். உற்று நோக்குவோம், அளந்து பார்ப்போம், உண்மை எனக் கண்டதை அஞ்சாது உரைப்போமாக!