ஒரே ஒரு நாவல்... அதிலும் சொந்தப் பெயர் இல்லை! யார் இந்த எமிலி பிராண்டே?

ஆளரவமில்லாத மேட்டு நிலம். அங்கே தனியாக நிற்கும் பழைய கல் வீடு. ராத்திரியில் ஜன்னலுக்கு வெளியே ஒரு கை. இப்படிப்பட்ட காட்சியைப் படங்களில் எத்தனையோ தடவை பார்த்திருப்பீங்க.

1847 டிசம்பரில் லண்டனில் வெளிவந்த 'வதரிங் ஹைட்ஸ்' நாவலில் அது இருக்கிறது. அட்டையில் இருந்த பெயர் 'எல்லிஸ் பெல்'. ஆண் என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் எழுதியவர் எமிலி பிராண்டே, 29 வயதுப் பெண்.

பெயரை ஏன் மறைத்தார்? அதற்கு அவருடைய வீட்டைப் பற்றித் தெரிஞ்சுக்கணும்.

கல்லறைக்குப் பக்கத்து வீடு

எமிலி 1818 ஜூலை 30ஆம் தேதி, இங்கிலாந்தின் யார்க்‌ஷர் வட்டாரத்தில் பிறந்தார். அப்பா பேட்ரிக் தேவாலயப் பாதிரியார். 1820இல் குடும்பம் ஹாவர்த் என்ற மலையூருக்குக் குடிபோனது. வீட்டுக்கு முன்னால் கல்லறைத் தோட்டம். பின்னால் 'மூர்' எனப்படும் புதர்க்காடு. மரம் அதிகம் கிடையாது, காற்றுக்குத் தடையும் கிடையாது.

ஊர் பார்க்க அழகு. ஆனால் தண்ணீர் மோசம். 1850இல் வந்த அரசாங்க அறிக்கையின்படி, அங்கே இறந்தவர்களின் சராசரி வயது சுமார் 25தான்! பத்துக் குழந்தைகளில் நான்கு ஆறு வயதைத் தாண்டவில்லை.

எமிலிக்கு மூன்று வயதானபோது அம்மா இறந்தார். 1825இல் அக்காமார் மரியா, எலிசபெத் இருவரும் காசநோய்க்குப் பலி. ஹாஸ்டல் பள்ளியிலிருந்து நோயோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். எமிலியும் அதே பள்ளியில்தான் இருந்தார்.

மிஞ்சியவர்கள் சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். அப்பா பிரான்வெல்லுக்கு வாங்கித் தந்த மரப் பொம்மைச் சிப்பாய்களை வைத்து நால்வரும் கதை கட்டத் தொடங்கினார்கள். பிறகு எமிலியும் தங்கை ஆனும் 'கோண்டல்' என்ற கற்பனைத் தீவையே உருவாக்கினார்கள். வளர்ந்த பிறகும் எமிலி அதை விடவில்லை.

வீட்டைவிட்டுப் போனால் ஒத்துக்காது

17 வயதில் வேறொரு பள்ளிக்குப் போனார். சில மாதங்களிலேயே உடம்பு கெட்டுத் திரும்பினார். ஹாலிஃபேக்ஸ் அருகே ஆசிரியர் வேலை பார்த்தார்; அதுவும் நீடிக்கவில்லை. 1842இல் சார்லட்டுடன் பிரஸ்ஸல்ஸுக்குப் படிக்கப் போனவர், பெரியம்மா இறந்த செய்தி கேட்டு வீடு வந்தார். அப்புறம் திரும்பிப் போகவே இல்லை.

வீட்டில் ரொட்டி மாவு பிசைவது அவர் வேலை. மற்ற நேரம் நாயோடு மேட்டில் நடப்பது, எழுதுவது. அவ்ளோதான்.

அக்கா திறந்த நோட்டுப் புத்தகம்

1845இல் எமிலியின் கவிதை நோட்டு சார்லட் கண்ணில் பட்டது. கேட்காமல் படித்துவிட்டார். எமிலிக்குக் கடுங்கோபம்! சமாதானம் செய்து அச்சிடச் சம்மதிக்க வைக்கவே பல நாள் ஆனது. பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதில் எமிலி பிடிவாதமாக இருந்தார். பெண் எழுதியது என்றால் விமர்சகர்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள் என்பதும் சகோதரிகளுக்குத் தெரியும். அதனால் மூவரும் 'பெல்' ஆனார்கள். சொந்தச் செலவில் 1846இல் வந்த அந்தக் கவிதை நூல் எத்தனை பிரதி விற்றது தெரியுமா? இரண்டு.

நாவலுக்கும் பதிப்பாளர் நியூபி முன்பணம் கேட்டார். எமிலியும் ஆனும் சேர்ந்து 50 பவுண்டு கட்டினார்கள். சார்லட் ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தபோது வருடச் சம்பளமே 20 பவுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்க.

புத்தகம் வந்ததும் பலர் முகம் சுளித்தார்கள். ஹீத்க்ளிஃப் என்ற அநாதையின் காதலும் பழிவாங்கலும் அவர்களுக்கு முரட்டுத்தனமாகப் பட்டன. நல்லவர் ஜெயிக்கும் கதையை எதிர்பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

1848 ஜூலையில் சார்லட்டும் ஆனும் தாங்கள் யாரென்று நிரூபிக்க லண்டன் போனார்கள். 'நாங்கள் மூன்று சகோதரிகள்' என்ற உண்மை சார்லட் வாயிலிருந்து வந்துவிட்டது. எமிலிக்கு அதுவும் பிடிக்கவில்லை.

அந்தச் செப்டம்பரில் பிரான்வெல் இறந்தார். எமிலிக்கு இருமல் தொடங்கியது. கடைசிவரை டாக்டரைப் பார்க்க மறுத்தார். டிசம்பர் 19ஆம் தேதி காலமானார். வயது 30. காசநோய்தான்.

1850இல் சார்லட் நாவலை மறுபதிப்பு செய்தார். எல்லிஸ் பெல் யாரென்று முன்னுரையில் எழுதினார். தங்கையின் கவிதை வரிகளிலும் கைவைத்தார். இது சரியா? எமிலி இருந்திருந்தால் சம்மதித்திருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. ஆனால் அந்தப் பெயர் இன்று நமக்குத் தெரிவது சார்லட்டால்தான்.

சரி, அந்த வீடு எங்கே?

கதை நிறைய ஊர் சுற்றியிருக்கிறது. 1966இல் திலீப் குமார் நடித்த 'தில் தியா தர்த் லியா' இந்திப் படம்கூட இதைத் தழுவியதே. ஆனால் கதையில் வரும் வீட்டை யாராலும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. ஹாலிஃபேக்ஸ் அருகே இருந்த ஹை சண்டர்லண்ட் ஹால் மாளிகையின் வாசல் சிற்பங்கள் நாவல் வர்ணனையை ஒத்திருந்தன. அந்த மாளிகை இடிக்கப்பட்டுவிட்டது. ஹாவர்த்துக்கு மேலே பாழடைந்து நிற்கும் டாப் விதென்ஸ் பண்ணை வீட்டுக்குத்தான் கூட்டம் போகிறது. வழிகாட்டிப் பலகைகள் ஜப்பானிய மொழியிலும் இருக்கின்றன. முழுசாக இருந்த காலத்தில்கூட இந்த வீடு நாவலில் வரும் வீட்டைப் போல் இருந்ததில்லை என்று 1964இல் பிராண்டே சங்கம் சுவரிலேயே பலகை பதித்து வைத்திருக்கிறது. ஆனாலும் மழையிலும் காற்றிலும் அங்கே ஏறிப் போகிறவர்கள் குறையவில்லை.