பெயரைத் தேடாத பேரறிஞர்

நம் காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையில் கடையின் பெயர் இருக்கும். தறியில் அமர்ந்து நெய்தவரின் பெயர் இருப்பதில்லை. நோபல் பரிசு பெற்ற ஒரு கண்டுபிடிப்பிலும் இவ்வாறு பின்னே நின்றுவிட்ட தமிழர் ஒருவர் உண்டு. அவரே கே. எஸ். கிருஷ்ணன்.

இவர் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர்க் கல்கத்தா சென்று, 1923-இல் சர் சி. வி. இராமனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

திரவத்தில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருவதை இராமனின் மாணவர்கள் முன்பே கண்டிருந்தனர். மூலக்கூறு ஒளியை விழுங்கிக் கிளர்ச்சியுற்று, பிறகு வெளியிடும் ‘ஒளிர்தல்’ என்றே அதனை எண்ணினர். 1928-இல் இராமனும் கிருஷ்ணனும் இதனைத் தீர ஆராய்ந்தனர். சூரிய ஒளியைக் குவித்து, நீல ஊதா வடிகட்டி வழியாகத் தூய திரவத்தில் செலுத்தினர். அந்நிறத்தை முற்றும் தடுக்கும் பச்சை வடிகட்டி வழியாகப் பார்த்தனர். இருளே தெரிந்திருக்க வேண்டும்; ஆனால் மங்கிய ஒளி தெரிந்தது! சுமார் அறுபது திரவங்களிலும் அவ்வாறே. அவ்வொளியின் தளவிளைவு, அது ஒளிர்தல் அன்று என்பதைக் காட்டியது. பிப்ரவரி 28-ஆம் நாள் நிறமாலைகாட்டி புதிய நிறங்களைத் தனியே பிரித்துக் காட்டியது. மூலக்கூறின் அதிர்வுக்கு ஒளி தன் ஆற்றலில் ஒரு பங்கைக் கொடுப்பதே இம்மாற்றத்தின் காரணம்.

‘நேச்சர்’ இதழில் வந்த முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930-இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் ‘இராமன் விளைவு’ என்ற பெயரே நிலைத்தது.

கிருஷ்ணன் உரிமை கோரிப் போராடவில்லை. டாக்கா சென்று, படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். 1940-இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகப் பணியாற்றினார். 1954-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1961-இல் மறைந்தார்.

ஒரு விநாடியை ஆயிரம் இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஃபெம்டோ விநாடி. அத்தகைய நுண்பொழுதில் மூலக்கூறுகள் மாறுவதை லேசர் துடிப்புகளால் ஆராய்ந்த அகமது செவைல் 1999-இல் நோபல் பரிசு பெற்றார். கிளர்ச்சியுற்ற மூலக்கூறு நொடிக்கு நொடி வடிவம் மாறுவதை அறிய, இன்று அத்துடிப்புகளுடன் இராமன் விளைவையும் பயன்படுத்துகின்றனர். அன்று வடிகட்டிகளின் வழியே கிருஷ்ணன் கண்ட மங்கிய ஒளி இன்றும் அணையவில்லை.

அன்புத் தோழியரே! நெய்தவர் பெயர் இல்லாவிடினும் சேலையின் அழகு குறைவதில்லை. நம் பெயர் விளங்கினாலும் விளங்காவிட்டாலும், எடுத்த பணியைச் செம்மையாய் முடிப்போமாக!