பத்து வெள்ளியின் பலம்



துன் வீ.தி. சம்பந்தன் பெயரைக் கேட்காத தோட்டம் உண்டா? 1919-இல் பேராக் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பினார். 1955 முதல் 1974 வரை நாடாளுமன்றத்தில் இருந்தார். தொழில், சுகாதாரம், பொதுப்பணி என்று பல இலாகாக்களுக்கு அமைச்சரானார்.

சுதந்திரம் வந்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. பால் வெட்டிய நம்மவர்களுக்கு வேலையும் போச்சு, லயத்து வீடும் போச்சு. அதற்கு மருந்தாக, 1960-இல் அவர் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. அதைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டந்தோட்டமாகப் போய் ஆள் சேர்த்தார். கூலிக்காரன் காசு தோட்டத்தையே வாங்கியது!

அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு, அதை மறைப்பானேன்? எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் காப்பாற்ற முடியவில்லை. 1968-இல் வந்த வேலை அனுமதிச் சட்டத்தால், குடியுரிமை இல்லாத ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். அமைச்சராக இருந்தும் தடுக்கவில்லையே என்று பலர் மனம் நொந்தார்கள். ம.இ.கா.வில் 18 ஆண்டு தலைவராக இருந்தவர், உட்கட்சிப் பூசல் முற்றி 1973-இல் விலக நேர்ந்தது. 1979-இல் மறைந்தார்.

பதவி போச்சு, பத்து வெள்ளியில் வாங்கிய மண் நின்றது. பிள்ளைகளே, இன்று வாங்கும் பரிசோடு இதையும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள்: சிறுகச் சேர்ப்பவன் நாளைக்குச் சொந்தக்காரன்.