ஜேம்ஸ் ஜாய்ஸும் அவர்தம் கண்களும்

ஆங்கில இலக்கியம் பயின்றோர் ஜேம்ஸ் ஜாய்ஸின் பெயரை அறியாதிரார். அவர் இயற்றிய ‘யுலிஸிஸ்’ படித்து முடிப்பதற்கு அரிய நூல் என்னும் பேச்சும் எங்கும் உண்டு. அந்நூலைப் படிப்பதற்கு நாம் படும் பாடு ஒருபுறம் இருக்க, அதனை எழுதுவதற்கு அவர் பட்ட பாடு பெரிது. எழுதிய காலத்தும் அச்சேறிய காலத்தும் அவர் கண்கள் அடிக்கடி நோவுற்றுக் கிடந்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கண் மருத்துவர் வாயிலை விட்டு நீங்காதவராய் வாழ்ந்தார். அந்தக் கதையையே இங்குச் சொல்லப் புகுகின்றேன்.

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் 1882ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஜாய்ஸ் பிறந்தார். தந்தையார் நல்ல பாடகர், செலவாளி. வளமாகத் தொடங்கிய குடும்பம் ஆண்டுக்கு ஆண்டு சிறிய வீட்டிற்கு மாறிக்கொண்டே போயிற்று. மகன் சிறு பிள்ளையாக இருக்கும்போதே மூக்குக் கண்ணாடி அணிய நேர்ந்தது. விடுதிப் பள்ளியில் ஒரு நாள் அக்கண்ணாடி உடைந்துவிட, பாடம் எழுதாமல் தப்புவதற்குச் செய்த சூழ்ச்சி என்று கருதிய ஆசிரியர் பிள்ளையின் உள்ளங்கையில் அடித்துவிட்டார். பிள்ளை அஞ்சாமல் பள்ளித் தலைவரிடம் சென்று முறையிட்டான். பின்னாளில் எழுதிய தம் முதல் நாவலில் இந்நிகழ்ச்சியை அவர் அமைத்திருக்கின்றார். அவர் கிட்டப்பார்வைக்காரர் என்றே நெடுங்காலம் பலரும் நம்பி வந்தனர். எஞ்சியுள்ள கண்ணாடிச் சீட்டின் குறிப்பை ஆராய்ந்த சிலர், அவர் உண்மையில் தூரப்பார்வைக்காரர் என்று 2011இல் எழுதினர்.

1904இல் தம் இருபத்திரண்டாம் வயதில், நோரா பார்னக்கிள் என்னும் நங்கையுடன் ஜாய்ஸ் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டார். அன்று ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்திருந்த டிரியெஸ்ட் துறைமுக நகரில் ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்தார். வருவாய் போதாது, கடன் மிகுதி, தம்பி ஸ்டானிஸ்லாஸின் சம்பளமும் அண்ணன் குடும்பத்திற்கே போயிற்று. 1907ஆம் ஆண்டு ஜூலை மாதம் மூட்டுவாதக் காய்ச்சல் கண்டு நகர மருத்துவமனையில் ஜாய்ஸ் கிடந்தபோது, அதே மருத்துவமனையில் நோரா ஒரு பெண் மகவை ஈன்றார். குழந்தைக்கு லூசியா என்று பெயரிட்டனர். கத்தோலிக்கர் கண்பார்வைக்குக் காவலாகக் கொண்டாடும் புனிதையின் பெயர் அது. அக்காய்ச்சலை அடுத்து ஜாய்ஸின் கண்நோய் தலைகாட்டலாயிற்று. காய்ச்சலே அதற்கு மூலம் என்பாரும் உளர்; வேறு காரணம் கூறுவாரும் உளர்.

நோயின் தன்மையைச் சிறிது விளக்குவது நலம். கண்ணின் கருமணியைச் சூழ்ந்து நிறமுள்ள ஒரு வளையம் இருக்கின்றது. வெளிச்சத்திற்கு ஏற்பச் சுருங்கியும் விரிந்தும் ஒளியை அளந்து உள்ளே விடுவது அதன் வேலை. அவ்வளையம் அழற்சியுறுவதை மருத்துவர் ஐரைட்டிஸ் என்பர். கண் சிவக்கும், ஒளியைக் காணப் பொறாது, நோவு நெற்றி வரையில் பரவும். சில வாரங்களில் தணிந்து, குணமாகிவிட்டது என்று எண்ணியிருக்கும்போது மீண்டும் வரும். ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு தழும்பை விட்டுச் செல்லும். வளையம் பின்னாலுள்ள வில்லையோடு ஒட்டிக்கொண்டால், கண்ணுள் ஊறும் நீர் வெளியேற வழியின்றி அழுத்தம் மிகும். வில்லையும் நாளடைவில் மங்கிப் புரையாகும். ஒட்டாமலிருப்பதற்காகக் கருமணியை விரியச் செய்யும் அட்ரோபின் சொட்டு மருந்தை ஊற்றுவர். அழுத்தம் மிகுந்த கண்ணுக்கோ அதே மருந்து கேடு செய்யக்கூடும். ஒரு நோய்க்கு இட்ட மருந்து மற்றொன்றை வளர்க்கும் இந்த இக்கட்டு ஜாய்ஸின் மருத்துவர் அனைவருக்கும் இருந்தது. இத்தகைய அழற்சியை அடக்க வல்ல கார்ட்டிசோன் மருந்து 1950ஐ ஒட்டியே கண் மருத்துவத்திற்கு வந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

முதல் உலகப் போர் மூண்டபின், 1915இல் குடும்பம் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகருக்குக் குடிபெயர்ந்தது. ‘யுலிஸிஸ்’ அங்கே வளர்ந்தது. 1917இல் கண் அழுத்தம் கடுமையாயிற்று. ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் பான்ஹாஃப்ஸ்ட்ராஸே என்னும் பெருந்தெருவில் நடந்து செல்கையில் திடீரென்று நோவு தாக்க, ஏறக்குறைய இருபது நிமிட நேரம் அடியெடுத்து வைக்கவும் இயலாமல் நின்றுவிட்டார். சில நாட்களில் சூரிச் கண் மருத்துவமனையில் வலக்கண்ணின் வளையத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்து நீர் வெளியேற வழி செய்தனர். அறுவை முடிந்த பின்னர் மனமும் உடலும் தளர்ந்து மூன்று நாள் கிடந்தார். அழுத்தம் குறைந்தது, ஆனால் அக்கண்ணின் பார்வையில் ஒரு பங்கு திரும்பி வரவே இல்லை. அறுவை என்றாலே அவர் அஞ்சித் தள்ளிப்போட்டு வந்ததன் காரணம் இதுவே. கத்தி கண்ணைக் காத்தாலும் ஒவ்வொரு முறையும் கூலியாகச் சிறிது பார்வையை எடுத்துக்கொண்டு போகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவ்வாண்டிலேயே, பெயரை வெளியிடாத ஒருவர் வழக்கறிஞர் மூலமாகப் பணம் அனுப்பத் தொடங்கினார். ஹாரியட் ஷா வீவர் என்னும் ஆங்கில அம்மையாரே அவர் என்பது 1919இல் தெரிய வந்தது. இந்த அம்மையாரின் கொடை இல்லையேல் அடுத்த இருபது ஆண்டு மருத்துவச் செலவும் வீட்டுச் செலவும் எவ்வாறு நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதும் கடினம். ஜாய்ஸோ சிக்கனம் அறியாதவர். தந்தையாரின் கை மகனுக்கும் வாய்த்திருந்தது.

1920இல் பாரிஸுக்கு வந்து சேர்ந்தார். 1921ஆம் ஆண்டுக் கோடையில் கண்நோய் மீண்டும் பற்ற, ஐந்து வாரம் இருட்டறையில் கிடந்தார். எழுந்ததும் அச்சுத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தார். பிழை திருத்துவது மட்டும் அவர் வழக்கமன்று. ஓரங்களில் புதிது புதிதாக எழுதிச் சேர்ப்பார். நூலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு அச்சுத்தாளிலே வளர்ந்ததாகும். ஆங்கிலம் அறியாத பிரெஞ்சு அச்சுக்கோப்போர், கண் தெரியாத ஆசிரியரின் கையெழுத்தைப் பார்த்து எழுத்துக் கோத்தனர் என்றால், பிழைகளின் தொகையை நாம் ஊகிக்கலாம். மலர்க்குழுவில் இருந்து அச்சகத்திற்கு நடந்தவர்கள் இதனை நன்கு உணர்வர். பிழைகளைப் பொறுக்குமாறு வேண்டும் குறிப்போடுதான் நூல் வெளிவந்தது. அது வெளிவந்த நாள் 1922 பிப்ரவரி 2. ஆசிரியரின் நாற்பதாம் பிறந்தநாள்.

அந்நூல் முழுவதும் டப்ளினில் 1904ஆம் ஆண்டு ஜூன் 16 என்னும் ஒரே நாளில் நிகழ்வது. ஆசிரியர் 1912க்குப் பிறகு டப்ளினில் கால் வைக்கவே இல்லை. ஊரின் தெருக்களையும் கடைகளையும் நினைவிலிருந்தே எழுதினார். ஐயம் தோன்றினால் டப்ளினில் இருந்த மாமிக்குக் கடிதம் போடுவார். எக்கிள்ஸ் தெருவில் 7ஆம் எண் வீட்டின் இரும்புக் கிராதியைத் தாண்டி ஒருவன் காயமின்றிக் கீழே இறங்க முடியுமா என்று கேட்டெழுதியதும் உண்டு. தொலைவில் குடியேறி வாழும் நமக்கு இது வியப்பாகத் தோன்றாது. மாட வீதியில் எந்தக் கடைக்கு அடுத்தது எந்தக் கடை என்று நம் வீடுகளிலும் வழக்காடுகின்றோம் அல்லவா!

‘யுலிஸிஸை’ வெளியிட்டவர் பாரிஸில் புத்தகக் கடை வைத்திருந்த சில்வியா பீச் என்னும் அமெரிக்கப் பெண்மணி. அவரே ஜாய்ஸை டாக்டர் லூயி போர்ஷிடம் அழைத்துச் சென்றார். போர்ஷும் அமெரிக்கர்; மாணவரும் தொழிலாளரும் வரக்கூடிய சிறிய மருத்துவமனை ஒன்றை நடத்தி வந்தார். இளம் மருத்துவர் ஒருவர் நோயாளியை வீட்டில் பார்க்கச் சென்றபோது, அறை முழுவதும் பெட்டிகளும் துணிகளும் சிதறிக் கிடக்க, ஜாய்ஸ் கறுப்புக் கண்ணாடியோடு தரையில் குந்தியிருந்தாராம். எதிரே ஒரு பாத்திரத்தில் கோழியின் எலும்புக் கூடு, அப்பால் நோரா. நாற்காலி இல்லாமையால் மருத்துவரும் குந்தியே கண்ணைச் சோதிக்க வேண்டியதாயிற்று.

போர்ஷின் மருத்துவமனைக்கு அவர் எத்தனை முறை நடந்தார் என்பதற்குக் கணக்கு இல்லை. கண்ணைச் சுற்றி அட்டை விட்டு இரத்தம் எடுப்பர். இது நம் நாட்டு வைத்தியத்திலும் உள்ள முறையே. அட்டைகள் துள்ளித் தரையில் விழ, செவிலி அவற்றைப் பொறுக்கி மீண்டும் வைப்பார். பற்களின் சீழே கண்நோய்க்குக் காரணம் என்பது அக்காலக் கொள்கை. ஆகையால் 1923ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜாய்ஸின் பற்கள் பலவற்றைப் பிடுங்கினர். அம்மாதமே இடக்கண்ணில் அறுவை. 1924இல் ஜூனில் ஒன்று, நவம்பரில் புரைக்காக ஒன்று. 1925 ஏப்ரலிலும் டிசம்பரிலும் மீண்டும். வாழ்நாள் முழுவதும் சேர்த்துப் பத்துக்கு மேற்பட்ட முறை அவர் கண்ணில் கத்தி பட்டது.

அறுவைக்குப் பின் கண்களைக் கட்டிக்கொண்டு பல நாள் அசையாமல் கிடக்க வேண்டும். அவ்வாறு கிடந்த ஒரு நாள், வால்ட்டர் ஸ்காட்டின் ‘லேடி ஆஃப் தி லேக்’ காவியத்தைக் கொண்டுவரச் சொல்லி, எங்கேனும் ஓர் அடியைப் படிக்குமாறு சில்வியாவை வேண்டினார். ஓரடி படித்து நிறுத்தியதும் அந்தப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் பிழையின்றி ஒப்புவித்தார். கண் மறுத்ததை நினைவில் வைத்துக் காக்கும் பயிற்சியை இருட்டில் கிடந்தே அவர் செய்து வந்தார் போலும்.

கடைசிப் பெருநூலாகிய ‘ஃபினகன்ஸ் வேக்’ 1923 மார்ச்சில் தொடங்கியது. பெரிய தாள்களில், தடித்த பென்சில்களாலும் வண்ணக் கோல்களாலும், தாமே படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்துகளில் எழுதினார். ஒளி தாளின்மேல் பட்டுத் தெறிக்கட்டும் என்று வெள்ளை அங்கி அணிந்து எழுதுவார் என்று வீட்டார் கூறினர். நண்பர்கள் படித்துக் காட்டினர். சொல்லச் சொல்ல எழுதியும் கொடுத்தனர். அவர்களுள் ஒருவர் சாமுவேல் பெக்கெட். 1969இல் நோபல் பரிசு பெற்றவர். இந்நூலின் மொழி விளங்காமை கண்டு, நெடுநாள் ஆதரித்த வீவர் அம்மையாரே மனம் வருந்தினார். கண்ணைக் கெடுத்துக்கொண்டு இதனையா எழுதுவது என்று கேட்டோரும் பலர். அவர்கள் கேட்டதில் தவறு காண்பதற்கில்லை. எனினும் ஜாய்ஸ் நிறுத்தவில்லை.

1929இல் போர்ஷ் காலமானார். நண்பர்கள் சூரிச்சில் இருந்த பேராசிரியர் ஆல்பிரெட் வோக்டை நாடச் சொன்னார்கள். கண்ணின் உட்பகுதிகளை ஒளிக்கீற்றுக் கருவியால் பெருக்கிக் காண்பதில் உலகப் புகழ் பெற்றவர் அவர். 1930 மே 15ஆம் நாள் அவர் இடக்கண்ணில் அறுவை செய்தார். முற்றும் எண்ணியபடி முடிக்க இயலாவிடினும், அக்கண்ணில் ஓரளவு பார்வை மீண்டது. மகிழ்ச்சி மிகுதியால் ஜாய்ஸ் ஒரு குறும்பும் செய்தார். தமக்குப் பிரியமான ஐரிஷ் பாடகர் ஜான் சலிவன் பாரிஸ் இசைநாடக அரங்கில் பாடிக்கொண்டிருக்கையில், இடையே எழுந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, இப்பாட்டினால் தமக்குப் பார்வை வந்துவிட்டது என்று யாவரும் கேட்க முழங்கினார். செய்தித்தாள்களும் அதனை வெளியிட்டன. பாடகருக்கு விளம்பரம், வோக்டுக்கோ அதில் பங்கில்லை!

வோக்ட் மீண்டும் வருமாறு நாள் குறித்திருந்தார். ஜாய்ஸ் போகவில்லை. 1931 ஜூலையில் லண்டனில் நோராவுடன் சட்டப்படி மணம் பதிவாயிற்று. டிசம்பரில் டப்ளினில் தந்தையார் இறந்தார். 1932 பிப்ரவரியில் பேரன் பிறந்தான். அதே சமயம் மகள் லூசியாவின் மனநிலை பிறழத் தொடங்கிக் குடும்பத்தையே நிலைகுலையச் செய்தது. காரணங்கள் எல்லாம் மெய்யானவையே. 1932 ஜூலையில் சூரிச் சென்றபோது, வலக்கண் முழுப் புரையுற்று, அழுத்தமும் மிகுந்து, விழித்திரையும் ஓரளவு நலிந்துபோயிருந்ததை வோக்ட் கண்டார். உரிய காலத்தில் வந்திருந்தால் காத்திருக்கலாம் என்னும் நிலையைக் கண் கடந்துவிட்டது. அறுவை செய்தாலும் ஆபத்து, செய்யாவிடினும் ஆபத்து என்ற நிலையில், கத்தி எடுக்காமல் காத்திருப்பதே மேல் என்று முடிவாயிற்று. இத்தனை ஆண்டு தவறாது மருத்துவரிடம் சென்றவர் தவறவிட்ட ஓரிடைவெளி இவ்வளவு செய்துவிட்டது. அதன் பின்னர் வோக்டின் சோதனைக்காகவே அவர் பாரிஸிலிருந்து சூரிச்சுக்குப் பலமுறை சென்று வந்தார். இடக்கண்ணில் எஞ்சிய பார்வையைக் கொண்டு, பதினாறு ஆண்டு உழைப்பான நூலை முடித்தார். 1939 மே மாதம் அது வெளிவந்தது.

சில மாதங்களில் மீண்டும் போர். பிரான்ஸ் வீழ்ந்த பிறகு, 1940 டிசம்பரில் பெரும் முயற்சியால் அனுமதி பெற்றுக் குடும்பம் மீண்டும் சூரிச்சில் அடைக்கலம் புகுந்தது. லூசியாவைப் பிரான்சிலிருந்த மனநோய் விடுதியிலிருந்து அழைத்துவர இயலவில்லை. ஜனவரியில் திடீரென்று வயிற்றுநோவு கண்டு, குடற்புண் துளைத்துவிட்டதை அறிந்து அறுவை செய்தனர். 1941 ஜனவரி 13ஆம் நாள் விடியற்காலையில் ஜாய்ஸ் இறந்தார். வயது ஐம்பத்தொன்பது நிறையவில்லை. கண்ணுக்காக அவர் ஓயாமல் வந்து போன அந்நகரிலேயே, ஃப்ளுன்டெர்ன் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர். நோரா அம்மையார் பத்தாண்டு அங்கேயே வாழ்ந்து 1951இல் மறைந்தார். 1966இல் இருவர் உடலையும் ஒரே கல்லறையில் சேர்த்து வைத்தனர்.