யாரும் வாங்காத படம் 25 வாரம் ஓடியது!
சாட்டைக்காரியைத் திரைக்குத் தந்த ஹோமி வாடியா

1935-ம் ஆண்டு. பம்பாயில் ஒரு படம் முடிந்து பெட்டியில் கிடந்தது. வாங்க ஆள் இல்லை.

படத்தின் பெயர் 'ஹண்டர்வாலி'. சாட்டைக்காரி என்று பொருள். டைரக்டர் ஹோமி வாடியா. வயது 24.

சுமார் 80 ஆயிரம் ரூபாய் செலவு. 6 மாத உழைப்பு. விநியோகஸ்தர்கள் வந்து பார்த்தார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, அரைக்கால் சட்டையோடு குதிரையில் பாய்ந்து வந்து, ஆண்களைச் சாட்டையால் விளாசுகிறாள். ஜனங்கள் இதை ஏற்பார்களா என்று பயந்தார்கள். கையை விரித்துவிட்டார்கள்.

கப்பல் கட்டிய குடும்பம்

ஹோமி 1911-ல் பிறந்தவர், பார்சி. ஆங்கிலேயருக்குக் கப்பல் கட்டிக் கொடுத்த பரம்பரை. அந்த வீட்டுப் பிள்ளைகள் சினிமாவுக்குப் போனது குடும்பத்தாருக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் ஜே.பி.எச். வாடியா கதை எழுதினார். தம்பி கேமராவைப் பிடித்தார். 1933-ல் நண்பர்களுடன் 'வாடியா மூவிடோன்' கம்பெனியைத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவின் 'கவ்பாய்' படங்கள் நம் நாட்டிலும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. குதிரை, முகமூடி, துரத்தல், சண்டை ஆகியவற்றை நம் ராஜா ராணிக் கதையோடு சேர்த்தார் ஹோமி.

சாட்டையைச் சுழற்றியவர் நாடியா. இயற்பெயர் மேரி எவன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்து, சிறு வயதிலேயே இந்தியாவுக்கு வந்தவர். சர்க்கஸ் பழக்கம் உண்டு.

ஜனங்களின் தீர்ப்பு

வாங்க ஆள் இல்லாததால், வாடியாக்களே கூட்டாளியுடன் சேர்ந்து படத்தை வெளியிட்டார்கள். கூட்டம் அலைமோதியது. 25 வாரம் ஓடியது! கடைகளில் 'ஹண்டர்வாலி' பெயரில் சாட்டையும் பெல்ட்டும் தீப்பெட்டியும் விற்றன.

கொடிய மந்திரியை எதிர்த்து ஏழைகளைக் காக்கும் இளவரசி! அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டில் அவள் கைச் சாட்டைக்குக் கைதட்டல் கிடைத்ததில் வியப்பு என்ன?

மறு ஆண்டு 'மிஸ் பிராண்டியர் மெயில்' வந்தது. ஓடும் ரெயிலின் கூரை மீது சண்டை! நாடியாவே நடித்தார், 'டூப்' கிடையாது.

பிரிந்த அண்ணன் தம்பி

அண்ணனுக்கு உயர்ந்த கலைப் படங்கள் எடுக்க ஆசை. பெரும் பொருட்செலவில் 3 மொழிகளில் 'ராஜ நர்த்தகி' (1941) எடுத்தார். நஷ்டம் ஏற்பட்டது. 1942-ல் ஸ்டூடியோ சாந்தாராம் கைக்குப் போயிற்று.

தம்பிக்குச் சண்டைப் படத்தின் மீதுதான் நம்பிக்கை. அதே ஆண்டு 'பசந்த் பிக்சர்ஸ்' தொடங்கினார். மறு ஆண்டு நாடியாவை வைத்து 'ஹண்டர்வாலி கி பேட்டி' எடுத்தார். சாட்டைக்காரியின் மகளும் வெற்றி பெற்றாள்! பிறகு 'ஹனுமான் பாதாள விஜய்', 'அலிபாபா', 'ஹாதிம் தாய்' என்று வரிசையாகப் படங்கள் வந்தன.

காத்திருந்த காதல்

ஹோமியும் நாடியாவும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். ஹோமியின் தாய் சம்மதிக்கவில்லை. தாயின் மனத்தை நோகடிக்க மகன் விரும்பவில்லை; நாடியாவைக் கைவிடவும் இல்லை. தாய் மறைந்த பிறகு, 1961-ல் திருமணம் நடந்தது. மணமகனுக்கு வயது 50, மணமகளுக்கு 53.

1968-ல் 'கிலாடி' படத்தில், 60-வது வயதில், கணவர் டைரக்ஷனில் நாடியா மீண்டும் நடித்தார். 1996-ல் மறைந்தார். ஹோமி 2004-ல், 93-வது வயதில் காலமானார்.

அண்ணனின் பேரன் 1993-ல் நாடியாவைப் பற்றி ஒரு செய்திப்படம் எடுத்தார். அதன் பெயரிலும் 'ஹண்டர்வாலி' இருந்தது. வாங்க ஆள் இல்லாமல் பெட்டியில் கிடந்த அதே படத்தின் பெயர்!