பால்மரத்தை வாழவைத்த ரிட்லி

தோட்டத்து லயங்களின் வாயிலில் பழைய பால் டின்களிலும் ஓட்டை வாளிகளிலும் வண்ண இலைச் செடிகளை வைத்து வளர்ப்பது நம் தாய்மார்களின் வழக்கம். அவற்றுட் பலவற்றைப் பூவுக்காக நாம் வளர்ப்பதில்லை; இலையின் அழகுக்காகவே வளர்க்கின்றோம். அவ்வாறு இலைகளையும் செடிகளையும் தேடி மலாயாக் காடுகளில் இருபதாண்டுகளுக்கும் மேலாக அலைந்த ஒருவரின் வரலாற்றை இம்மலரில் கூற விழைகின்றோம். அவரே ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. அவர் பெயரை அறியாத தோட்டத்து மாணவர் இருக்கலாம். அவர் காட்டிய வழியில் பால்மரம் சீவாத தோட்டத்துக் குடும்பம் அரிதினும் அரிது.

ரிட்லி 1855ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, 1880இல் இலண்டன் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் தாவரவியற் பிரிவில் பணியேற்றார். உலர்ந்த செடிகளின் நடுவே அமர்ந்து பணியாற்றிய அவருக்கு உயிருள்ள காட்டைக் காணும் வேட்கை மிகுந்திருந்தது போலும். 1888இல் சிங்கப்பூரிலுள்ள தாவரவியல் பூங்காவின் இயக்குநர் பதவி கிட்டியதும் கப்பலேறி வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு அகவை முப்பத்திரண்டு.

அப்பூங்கா 1859இல் தோற்றுவிக்கப்பட்டது. நகரம் வளர்ந்து சுற்றியிருந்த காடெல்லாம் அழிந்த பின்னும், ஏறத்தாழ ஆறு ஹெக்டர் பரப்புள்ள பழங்காடு அதனுள் வெட்டப்படாமல் நிலைத்தது. ஆயினும் ரிட்லி பூங்காவோடு நின்றுவிடவில்லை. பினாங்கு, மலாக்கா, ஜொகூர், பேராக், பகாங் என்று எங்கும் சென்றார். தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய குனோங் தகானுக்கு 1911இல் சென்றபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து! பாதையற்ற காட்டில், அட்டைக் கடியையும் மழையையும் பொறுத்துக்கொண்டு செடிகளைத் திரட்டினார். திரட்டுவதினும் காப்பது கடினம். ஒவ்வோர் இலையையும் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்த வேண்டும். நம் நாட்டு ஈரக்காற்றில் ஓரிரு நாள் அயர்ந்துவிட்டால் பூஞ்சணம் பிடித்து அத்தனை உழைப்பும் பாழாகிவிடும். உயிரோடு கொண்டுவரத்தக்க செடிகளை வேரோடு பெயர்த்து வந்து பூங்காவில் நட்டு வளர்த்தனர்.

மாணவர்களே, பெருமரங்கள் அடர்ந்த காட்டின் தரையை எட்டும் வெயில் மிகச் சிறிதேயாகும். அங்கு வாழும் சேம்பினச் செடிகளும் இஞ்சியினச் செடிகளும் அகன்ற இலைகளை விரித்து அச்சிறு ஒளியையும் ஏந்திக்கொள்கின்றன. ரிட்லி பெயர் சூட்டிய பெகோனியாச் செடி ஒன்று நம் மலைக்காடுகளில் வளர்கின்றது. அதன் இலை ஒரு கோணத்திலிருந்து நோக்கினால் மயிற்கழுத்துப் போல் நீலமாக மின்னும். ஆகவே மயிலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார். நீல மினுமினுப்பைத் தரும் இலையின் நுண்ணமைப்பே மங்கிய ஒளியையும் நன்கு பயன்படுத்த அச்செடிக்கு உதவுகின்றது என்பதை அறிவியலார் 2016இல்தான் கண்டறிந்தனர். அழகு என்று நாம் எண்ணியது அச்செடியின் பிழைப்பாக இருந்திருக்கின்றது!

இனிப் பால்மரத்திற்கு வருவோம். 1876இல் ஹென்றி விக்கம் என்பார் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனையடுத்த கியூ பூங்காவிற்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவே. 1877இல் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பதை ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். ரிட்லி வந்தபோது சிங்கப்பூர் மரங்கள் புதர் மண்டிக் கேட்பாரற்றுக் கிடந்தன. அவர் புதரை வெட்டச் செய்து, மரங்களை ஆராயத் தொடங்கினார்.

பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தனர். கோடரி கட்டையையும் காயப்படுத்தியது, மரம் நலிந்தது. ரிட்லியோ வேறு வழி கண்டார். பட்டையில் சாய்வாகக் கோடு கீறி, அடுத்த முறை அக்கோட்டின் கீழ்விளிம்பில் மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் எடுத்தார். கத்தி கட்டையைத் தொடவில்லை. ஆகவே சீவிய இடத்தில் பட்டை மீண்டும் வளர்ந்தது. முதல் நாளைவிடப் பின்னர்ச் சீவும் நாள்களில் பால் மிகுந்து வருவதையும், விடியற்காலையில் நன்றாக வடிவதையும் கண்டறிந்தார். இதைப் படிக்கும் பெற்றோர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இருள் பிரியுமுன் தலைவிளக்கோடு நிரைக்குச் செல்லும் வழக்கத்தின் வேர் அவ்வாராய்ச்சியில் இருக்கின்றது.

முறையைக் கண்டாயிற்று, நடுவார்தாம் இல்லை. காப்பியில் பணம் பார்த்துக்கொண்டிருந்த துரைமார்கள், பால் தரப் பல்லாண்டு காக்க வைக்கும் மரத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ரிட்லி விதைகளைச் சட்டைப் பைகளில் நிரப்பிக்கொண்டு, கண்டவரிடமெல்லாம் கொடுத்தார். வாங்க மறுத்தவரின் பையிலும் திணித்தார் என்பர். பைத்தியக்கார ரிட்லி என்ற பட்டப்பெயரே அவருக்குக் கிட்டியது. ரப்பர் விதை சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். அவருடைய அவசரத்தில் நியாயம் இருந்தது.

பின்னர்க் காப்பியின் விலை வீழ்ந்தது. பூச்சியும் நோயும் தோட்டங்களைத் தாக்கின. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகன் ரிட்லியின் சொல்லை நம்பிப் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். ரிட்லி சிங்கப்பூர் வந்த அதே 1888இல்தான் டன்லப் என்பார் காற்றடைத்த டயரைச் செய்திருந்தார். மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக ரப்பரின் விலை விண்ணை முட்டியது. 1920ஆம் ஆண்டளவில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்தே சென்றது.

அம்மரங்களை நடுவதற்காகவே நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினர். காடு வெட்டும் வேலையில் மலேரியாக் காய்ச்சலுக்கு இரையானோர் எண்ணற்றோர். இவ்விடத்தில் நமக்கு ஓர் எண்ணம் எழாமல் இல்லை. காட்டுச் செடிகளை உயிரினும் மேலாக நேசித்தவர் ரிட்லி. அவர் பரப்பிய மரத்திற்காகவே தாழ்நிலக் காடுகள் இலட்சக்கணக்கான ஏக்கரில் சாய்க்கப்பட்டன. அவர் தேடித் திரிந்த சேம்புகளும் பெகோனியாக்களும் அங்கெல்லாம் வேரோடு போயின. இதற்கு அவர் ஒருவரைக் குறை கூறுதல் முறையன்று. எனினும் நம் முன்னோர் சிந்திய குருதியையும் அழிந்த காட்டையும் விட்டுவிட்டு அவர் வெற்றியை மட்டும் எழுதுவதற்கு நம் மனம் ஒப்பவில்லை.

சிங்கப்பூரின் தேசிய மலராக 1981இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் என்னும் ஆர்க்கிட்டை 1893இல் உலகுக்கு விவரித்து எழுதியவரும் இவரே. ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பிய பின், தாம் திரட்டிய செடிகளையெல்லாம் ஆராய்ந்து மலாய்த் தீபகற்பத் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் கொண்ட நூலை 1922 முதல் 1925 வரை வெளியிட்டார். விதைகள் உலகெங்கும் பரவும் வகையைப் பற்றிய பெருநூல் 1930இல் வந்தது. அப்பொழுது அவர் எழுபதைக் கடந்திருந்தார். எண்பது வயதுக்கு மேல் திருமணமும் செய்துகொண்டார்!

நூறாண்டு நிறைவைக் கண்டு, 1956 அக்டோபர் 24ஆம் நாள் ரிட்லி இயற்கை எய்தினார். மலாயா விடுதலை பெறுவதற்கு இன்னும் பத்துத் திங்களே இருந்தன. அவர் இறுதிவரை வாழ்ந்த ஊர் கியூ. 1877இல் அந்த 22 கன்றுகள் புறப்பட்ட அதே கியூ.